சீசியம் குளோரைடு என்ற உப்பின் கரைசலில் கலந்து மையவிலக்குக் கருவியில் சுற்றும்போது டிஎன்ஏ ஏன் அடியில் படியாமல் நடுவில் நிற்கிறது?

நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே வந்துவிடும் இல்லையா? இங்கும் அதே கதைதான். ஆனால் குழாய் முழுக்க ஒரே அடர்த்தி கிடையாது.

சீசியம் கனமான அணு. கரைசலை அதிவேகமாகப் பல மணி நேரம் சுற்றும்போது அயனிகள் அடிப்பக்கம் தள்ளப்படுகின்றன, விரவல் (துகள்கள் தாமாகவே பரவும் இயல்பு) அவற்றை மேலே இழுக்கிறது. இந்த இழுபறியில் மேலே அடர்த்தி குறைவாகவும் கீழே அதிகமாகவும் ஒரு சரிவு தானாகவே உருவாகிறது. டிஎன்ஏ தன் அடர்த்திக்குச் சமமான இடம் வந்ததும் அங்கேயே நின்று பட்டையாகிவிடும். அதற்குக் கீழே போனால் மிதப்பு விசை மேலே தள்ளும். மேலே போனால் மறுபடி இறங்கும். எவ்வளவு நேரம் கூடுதலாகச் சுற்றினாலும் அது அடியில் படியாது.

1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள், எனக்கு இன்றும் வியப்புதான். சற்றுக் கனமான நைட்ரஜன்-15 ஊட்டி வளர்த்த ஈ. கோலை பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றினார்கள். இரண்டு வகை டிஎன்ஏவுக்கும் அடர்த்தி வித்தியாசம் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.014 கிராம்தான். நிமிடத்துக்கு 44,770 சுழற்சி, 20 மணி நேரம். அவ்வளவு சின்ன வித்தியாசமும் பிரிந்து தெரிந்தது! ஒரு தலைமுறைக்குப் பின் இடைப்பட்ட பட்டை ஒன்று மட்டும். இரண்டாம் தலைமுறையில் அதோடு நைட்ரஜன்-14 மட்டுமுள்ள, எடை குறைந்த டிஎன்ஏவின் பட்டையும் சேர்ந்தது. அதாவது ஒவ்வொரு புதிய டிஎன்ஏவிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது.

அப்புறம், இப்படிக் கனமான நைட்ரஜன் ஐசோடோப்பு இல்லாமலும் பிரிக்கலாம்: குவானைன், சைட்டோசைன் என்ற காரங்கள் (டிஎன்ஏவின் ‘எழுத்துகள்’) அதிகமுள்ள டிஎன்ஏ கொஞ்சம் கீழே நிற்கும்.