மீன்குழம்போடு சிவப்பு ஒயின் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: ஆபீஸில் இரண்டு பாட்டில் ஒயின் பரிசாகக் கொடுத்தார்கள். நந்தி மலை அடிவாரத்தில் தயாரானது. லேபிளில் ‘கேபர்னே சாவிஞான் - ஷிராஸ், ட்ரை ரெட்’ என்றிருக்கிறது. ஞாயிறு மதியம் வஞ்சரம் மீன்குழம்போடு ஒன்றைத் திறந்தோம். ஒரே துவர்ப்பு, தொண்டையில் எரிச்சல், வாயில் இரும்பு வாடை. கெட்டுப்போய்விட்டதா? இரண்டு திராட்சையைக் கலந்திருப்பதால் மட்டமான சரக்கா? இன்னொரு பாட்டிலை என்ன செய்வது?
- வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: இரண்டாவது பாட்டிலைத் தாராளமாகத் திறக்கலாம். ஒயினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை; மீன்குழம்போடு சேர்த்ததுதான் வினை.

சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு வினைபுரியும்போது கவிச்சியும் இரும்பு வாடையும் கிளம்பும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். புளி, ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும். உங்கள் குழம்பில் மூன்றும் இருந்திருக்கின்றன!

துவர்ப்பு வேறு கதை. பெங்களூரில் நம்மில் பலருக்கு ஒயின் என்றாலே பெங்களூர் ப்ளூ திராட்சையில் செய்த இனிப்பு போர்ட் ஒயின்தான், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சர்க்கரை போட்டு ஊற வைப்பது. ட்ரை ஒயினில் திராட்சையின் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடும். மறைக்க இனிப்பு இல்லாததால், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கொட்டைப்பாக்கு மென்றதுபோல் நாக்கைப் பிடிக்கும்.

கலவை என்பதற்காக மட்டமாக நினைக்க வேண்டாம். பிரான்ஸின் போர்டோ பகுதியில் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் கலவைகளே. கேபர்னேயையும் ஷிராஸையும் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் பழகிய வழி. கேபர்னே டானினையும் கட்டுக்கோப்பையும் தரும். ஷிராஸ் பழச்சுவையையும் மிளகு வாசனையையும் தரும். அந்த வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள் நம் கருமிளகிலும் இருக்கிறது.

நந்தி மலைப் பக்கம் ஒயின் திராட்சைக்கு வாகான இடம். தொட்டபள்ளாபுரா வட்டாரத் தோட்டங்கள் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பகல் வெயிலில் பழம் இனிக்கும், இரவுக் குளிரில் புளிப்பு காப்பாற்றப்படும். குளிர்நாட்டுக் கொடி குளிர்காலத்தில் உறங்கும், இங்குள்ள கொடி உறங்காது. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து: அறுவடை முடிந்ததும் ஒன்று, செப்டம்பர்-அக்டோபர் வாக்கில் மழை ஓயும்போது இன்னொன்று. ஆனால் விளைச்சல் ஒன்றுதான், பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள். பருவமழைக்கு முன் பழம் உள்ளே வந்தாக வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். 1988-ல் கன்வல் குரோவர் தொடங்கிய நிறுவனம்தான் இங்கே முன்னோடி. போர்டோ ஒயின் நிபுணர் மிஷல் ரோலண்ட் அந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார்.

இனி அடுத்த பாட்டில். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வையுங்கள். 16-18 டிகிரி போதும். வெயில் காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். கூடவே மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாக மட்டன் சுக்கா செய்யுங்கள். கறியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிக்கும். சைவம் என்றால் காளான் மிளகு வறுவல். ரசமும் வத்தக்குழம்பும் வேண்டாம்.

உண்மையிலேயே கெட்டிருந்தால் மூக்கே சொல்லிவிடும்: வினிகர் நெடி, நெயில் பாலிஷ் வாசனை, அல்லது நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். மிச்சம் இருந்தால் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய பாட்டில் இந்தப் பதில் வருவதற்குள் அந்தக் கெடுவைத் தாண்டியிருக்கும். வினிகர் நெடி இல்லையென்றால் மட்டன் வேகும்போது ஒரு கரண்டி ஊற்றுங்கள்.