பைதானில் எழுதிய விண்டோஸ் செயலியை லினக்ஸுக்கு மாற்றும்போது, கோப்புப் பாதைகளில் \ ஐ / ஆக மாற்றினால் போதுமா?

போதாது. சொல்லப்போனால் இதில் ஆகச் சின்னப் பிரச்சினை அந்தச் சாய்கோடுதான். நிரலுக்குள் / போட்டு எழுதினால் விண்டோஸும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மறுபக்கம்தான் வில்லங்கம்: லினக்ஸில் \ என்பது கோப்புப் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. "அறிக்கை\நெல்" என்று சேமித்தால் பிழை எதுவும் காட்டாது. அறிக்கை கோப்புறைக்குள் போகாமல், அந்த முழுப் பெயரிலேயே ஒரு கோப்பு வெளியே கிடக்கும். நீங்கள் பைதான் என்று சொன்னதால், பாதையைச் சரமாக ஒட்டுவதை விட்டுவிட்டு, பாதைகளைக் கையாளும் பாத்லிப் (pathlib) நூலகத்தைப் பயன்படுத்துங்கள். பைதான் 3.4 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும், விண்டோஸ் வழக்கமாகப் பார்க்காது. ஆங்கிலப் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டால் சரி.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். இங்கே வன்னியில் நெல் கொள்வனவுக் கணக்குச் செயலி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்கு ஒரு கோப்புறை. பரந்தன், மாங்குளம் எல்லாம் பேசாமல் இருக்கும். கிளிநொச்சியும் கொக்கிளாயும்தான் படுத்தும். காரணம் 'ொ'. யூனிகோட்டில் அதை ஒரே குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என இரண்டாகவும் எழுதலாம். பழைய மாக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை அதைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த கோப்புறை திரையில் அச்சு அசலாகக் கிளிநொச்சிதான், ஆனால் லினக்ஸுக்கு அது வேறு பெயர். "அப்படி ஒன்று இல்லை" என்று கைவிரித்துவிடும். 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான். பெயரை உருவாக்கும்போதும் ஒப்பிடும்போதும், இவற்றை ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், அதாவது 85 குறிகளோடு முடிந்தது. 'கிளிநொச்சி' மட்டுமே 30 பைட். விண்டோஸில் அந்த 255 பைட்டில் அல்ல, குறிகளில் எண்ணப்படும். அதனால் அங்கே தாராளமாக இருந்த நீண்ட அறிக்கைத் தலைப்பு இங்கே சேமிபடாது.

அப்புறம், செயலி இருக்கும் கோப்புறைக்குள்ளேயே தரவை எழுதும் பழக்கம் லினக்ஸில் செல்லாது, வழக்கமாக அங்கே எழுத அனுமதி கிடைக்காது. பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் எழுதுங்கள். தரவுத்தளத்தில் பழைய டி டிரைவ் பாதைகள் கிடந்தால், பாத்லிப்பில் உள்ள பியூர்விண்டோஸ்பாத் (PureWindowsPath) அவற்றை லினக்ஸிலேயே பிரித்துத் தரும். டிரைவ் பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் சேமித்துக்கொள்ளுங்கள்.