மீட்டர் பெட்டி மேல் சாவி

கேள்வி: என் மகன் டொரண்டோவில் இருக்கிறான். லீவுக்கு வரச் சொன்னால், "வட சென்னைக்கா? ராத்திரி எட்டு மணிக்கு மேல் குழந்தைகளை வெளியே விட முடியுமா? இங்கே நாங்கள் கதவைப் பூட்டாமலே தூங்குகிறோம்" என்கிறான். நம் ஊர் அவ்வளவு மோசமா, சார்?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஊரை அப்புறம் பார்ப்போம் அம்மா. முதலில் பூட்டு.

நம் பக்கத்தில் பூட்டு எதற்கு இருக்கிறது? கல்யாணத்துக்கோ திருத்தணிக்கோ கிளம்பும்போது முழங்கை நீளத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போகிறோம். தெருவில் எல்லார் வீட்டுச் சாவியும் மீட்டர் பெட்டி மேல்தான். கேன் தண்ணீர் போடுகிற பையனுக்கும் அது தெரியும். ஆக, பூட்டு திருடனுக்காக இல்லை; "ஆள் இல்லை, பால் பாக்கெட்டை எதிர்வீட்டில் போடு" என்று சொல்வதற்காக. ரொம்ப ஜாக்கிரதையானவர்கள் சாவியை எதிர்வீட்டு ஆயாவிடம் கொடுப்பார்கள். ஆயா வீட்டைத் திறந்து, மோட்டார் போட்டு, ஃபிரிட்ஜில் இருக்கும் மீன் குழம்பு கெட்டுப்போகுமே என்று சாப்பிட்டும் முடித்திருக்கும். திரும்பி வந்தால் நன்றி சொல்லக்கூட நேரம் தராது. "குழம்புல உப்பு கம்மி" என்று ஆரம்பித்துவிடும்.

டொரண்டோவுக்கு வருகிறேன். 2024-ல் அங்கே கார் திருட்டு தலைவிரித்தாடிய நேரத்தில், ஒரு போலீஸ்காரரே மக்கள் கூட்டத்தில் சொன்ன யோசனை இது: கார் சாவியை வாசல் கதவுப் பக்கமே வைத்துவிடுங்கள், திருடன் உள்ளே வந்து உங்கள் மேல் கை வைக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவான். பலரும் கொதித்தார்கள். எனக்கோ பெருமை. நம் மீட்டர் பெட்டி டெக்னாலஜி கனடாவரை போயிருக்கிறதே!

வட சென்னையில் கத்தியே கிடையாது என்று நான் சத்தியம் பண்ணவில்லை. இருக்கிறது. ஆனால் உங்கள் மகனுக்கு இருப்பது ஊர் ஞாபகம் இல்லை, சினிமா ஞாபகம். டைரக்டர்களோடு எனக்கு இது பழைய சண்டை. காசிமேடு என்றால் படகு மறைவில் ஒருத்தன் அரிவாளோடு நின்றாக வேண்டும் அவர்களுக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு அதே காசிமேட்டில், கூடையும் இடுப்பில் சுருக்குப்பையுமாகப் பெண்கள் ஏலத்துக்கு நிற்கிறார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. திரும்பினால் ஹீரோவுக்கு நிற்க இடம் கிடைக்காது, அந்த அம்மாக்கள் பேச ஆரம்பித்தால் சென்சார் போர்டு பாவம்.

பயப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது, பூட்டுக்கு அடங்காதவை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கதவைச் சாத்திப் படுத்திருந்தவர்கள் கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் அப்பியது. 2015-ல் கஸ்டம்ஸ் பிடித்து வைத்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் மணலிக் கிடங்கில் நம்மோடு ஐந்து வருஷம் குடியிருந்ததே, 2020 ஆகஸ்டில் அதே சரக்கால் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. பிறகு அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். இதில் எதற்கும் அரிவாள் தேவைப்படவில்லை.

மகன் வரட்டும். தண்டையார்பேட்டை என்றதும் ஏர்போர்ட் டாக்ஸிக்காரர் முகத்தைத் திருப்பினால் விட்டுவிடச் சொல்லுங்கள்; 2021-லிருந்து மெட்ரோ விம்கோ நகர்வரை ஓடுகிறது, வழியில்தான் உங்கள் ஸ்டேஷன். பேரப்பிள்ளைகள் ஒன்பது மணிவரை தெருவில் ஆடட்டும், பார்த்துக்கொள்ள ஆயா இருக்கிறது. பைக் சாவி கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் விட மணிக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன, வழி கிடைத்ததும் தூக்கக் கலக்கத்தோடே பறக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் லாரியைத் திட்டாத இதழ் அபூர்வம். இந்த இதழுக்கும் ஆயிற்று.