திருத்துமேசைக் கேள்விகள்: சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியும் பழைய கணினியும்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே சாமானைப் பற்றியவை: அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும் சின்னக் கறுப்பு வெள்ளை ரிவி, அல்லது ஒரே நிறத்தில் எழுத்துக் காட்டும் மொனிற்றர்ப் பெட்டி. எனக்கு நெருக்கமான சாமான். அதனால் மின்விசிறியையும் கிறைண்டரையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

ரொறன்ரோவில் இருந்து வந்த பெரியப்பா தன்னுடைய பழைய கொமடோர் 64 கணினியைத் தந்தார். வீட்டுக் கலர் ரிவியில் படம் உருளுகிறது, நிறமும் இல்லை. 5 அங்குலக் கறுப்பு வெள்ளை ரிவி ஒன்று இருக்கிறது. அதில் பார்க்கலாமா? (சாவகச்சேரி வாசகர்)

தாராளமாகப் பார்க்கலாம், தம்பி. உங்களுடைய கணினிக்கு அதுதான் பொருத்தமான பெட்டி.

ஆனால் முதலில் பவர் பெட்டியைக் கவனியுங்கள். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. இறக்கிக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் கொழுவவே வேண்டாம். அது இருந்தாலும், கணினியில் செருகுவதற்கு முன்னர் 5 வோல்ற் வரும் ஊசியை மீற்றர் வைத்துப் பாருங்கள். 5.2க்கு மேல் காட்டினால் அந்தப் பவர் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். கொமடோரின் பழைய பவர் பெட்டி பழுதாகும்போது வோல்ற் கூடிப்போய் நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பதால் திருத்துவதும் கஷ்டம்.

சரி, படம் ஏன் உருளுகிறது? கனடாக் கணினி என்ரிஎஸ்சி என்னும் வட அமெரிக்க ரிவி முறையில் (525 கோடுகள்) ஓடுகிறது, ஒரு தடவைக்குப் பாதிக் கோடுகளாக விநாடிக்கு 60 தடவை வரைகிறது. நம்முடைய ரிவி 'பால்' (PAL) என்னும் முறை: 625 கோடுகள், அதேபோலப் பாதி பாதியாக 50 தடவை. நிறத்தை அனுப்பும் விதமும் வேறு, அதனால்தான் நிறம் இல்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு நிறத்தைப் பிரிக்கும் வேலையே கிடையாது, கணினி வரையும் வேகத்தோடு தாளம் பிடித்தால் போதும். குறுக்குக் கோடு அங்கே விநாடிக்கு 15,734, இங்கே 15,625. நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் இல்லை, தானாகவே பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் ஓடுவதைத்தான் பின்பக்கத்து வி-ஹோல்ட் குமிழைத் திருகி நிறுத்த வேண்டும். படம் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தால் உயரக் குமிழ் இருக்கிறது.

கணினியின் வட்டச் சொக்கெற்றில் 4ஆம் ஊசியில் நிறம் கலந்த வீடியோ வரும். அதை விடுங்கள். 1ஆம் ஊசியில் ஒளிர்வு மட்டும் தனியாக வருகிறது, 2 எர்த், 3 ஒலி. 1ஐ எடுத்துக் கொடுத்தால் எழுத்தின் ஓரத்தில் ஊரும் புள்ளிகள் போய்விடும். பெட்டியில் வீடியோ உள்ளீட்டு ஓட்டை இருந்தால் வேலை முடிந்தது.

ஓட்டை இல்லையென்று பெட்டியைத் திறந்து நேரே வயர் பற்றவைக்க நினைத்தால், தயவுசெய்து நில்லுங்கள். ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே மெயின்ஸில் ஓடும் ரிவிகளில் உள்ளே உள்ள எர்த்திலேயே கரண்ட் நிற்கும். அதில் கணினியைக் கொழுவினால் கணினியும் போகும், ஆளும் போகும். 12 வோல்ற் பற்றரியிலும் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

இந்தப் பெட்டிகளில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்றால், 1986இல் கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு லண்டனில் இருந்து சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி வந்தது. புதுக் கலர் ரிவியில் கொழுவினார்கள். எழுத்துகளின் ஓரம் மினுங்கி மினுங்கிக் கண் வலித்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் என்னுடைய 12 வோல்ற் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கணினி படம் அனுப்பும் யுஎச்எஃப் 36ஆம் சனலைத் தேடிப் பிடித்ததும் எழுத்துகள் அச்சடித்த மாதிரி நின்றன. கலர்க் குழாயில் மூன்று நிறப் புள்ளிகளும் அவற்றுக்கு முன்னால் ஓட்டைத் தகடும் இருக்கும், எழுத்து அந்த ஓட்டைகளுக்கூடாகத்தான் வரவேண்டும். கறுப்பு வெள்ளைக் குழாயில் ஒரே பூச்சுத்தான்.

1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டியை உரப்பையில் சுற்றி மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மேசையைக் கறையான் தின்றிருந்தது. படக்குழாய் பழுதில்லாமல் இருந்தது. இதை எழுதும்போதும் அது எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பழைய அலுவலகச் சாமான்களுடன் பச்சை எழுத்து மொனிற்றர் ஒன்று கிடைத்தது. 9 ஊசிச் செருகி. கலர் கார்ட் உள்ள பழைய ஐபிஎம் வகைக் கணினியில் கொழுவலாமா? (பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி)

வேண்டாம், பிள்ளை. செருகி பொருந்தும், அதுதான் ஆபத்து. கார்ட் என்பது மொனிற்றருக்குப் படம் அனுப்பும் பலகை; 1981இல் ஐபிஎம் எழுத்துக்கென்று விட்ட கார்ட்டும் கலர் கார்ட்டும் ஒரே 9 ஊசிதான். ஆனால் எழுத்துக் கார்ட் குறுக்குக் கோட்டை விநாடிக்கு 18,000க்கு மேல் ஓட்டும், கலர் கார்ட் 15,700 அளவில். ஐபிஎம்மின் பச்சை மொனிற்றருக்குச் சொந்தத் தாளம் இல்லை, கார்ட் கொடுக்கும் தாளத்திலேயே உயர் வோல்ற் பகுதியும் ஓடும். பிழையான தாளம் கிடைத்தால் அந்தப் பகுதி எரியும். எழுத்துக் கார்ட் அல்லது அதே தாளத்தில் ஓடும் ஹேர்குலிஸ் கார்ட் தேடுங்கள். எழுத்து மேலே நகரும்போது பச்சை வால் ஒன்று இழுபடும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். விநாடிக்கு 50 தடவைதான் வரைவதால், துடிப்பு தெரியாமல் இருக்க மெதுவாக அணையும் பூச்சைப் போட்டிருக்கிறார்கள்.

9 அங்குல மொனிற்றர் மாரி காலத்தில் சீறுகிறது, ஒரு மாதிரி மணமும் வருகிறது. (பருத்தித்துறை வாசகர்)

கடற்கரை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது. வாடைக்காற்று கொண்டுவரும் உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து, குழாயில் இறப்பர்த் தொப்பி இருக்கும் இடத்தைச் சுற்றிப் படியும். அங்கே ஏறத்தாழ 10,000 வோல்ற். அது உப்பு வழியாகக் கசிவதுதான் சீறல்.

செருகியைக் கழற்றியபின்னும் குழாயில் மின் தங்கியிருக்கும். பிளாஸ்ரிக் பிடி போட்ட மெல்லிய ஸ்குரூட்ரைவரில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையைக் குழாயின் பின்புறத்தைச் சுற்றியிருக்கும் வெறும் பின்னல் கம்பியில் கவ்வவிடுங்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால். ஸ்குரூட்ரைவரின் நுனியைத் தொப்பிக்குக் கீழே உலோகத்தில் படும்வரை மெதுவாக நுழையுங்கள், "டக்" என்று கேட்கலாம். சிறிது நேரம் விட்டு இன்னொரு தடவை. பிறகு தொப்பியைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் கண்ணாடியையும் தொப்பியையும் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பின்பக்கத்து மெல்லிய கழுத்தில் கை படாமல் வேலை செய்யுங்கள், உடைந்தால் எல்லாம் முடிந்தது. இதில் எந்த அடியிலாவது பயம் வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். காய்ந்த பிறகும் சீறினால், உயர் வோல்ற்றை உண்டாக்கும் ஃப்ளைபேக் ட்ரான்ஸ்போமரில் வெடிப்பு இருக்கலாம், அதை மாற்றத்தான் வேண்டும்.

பழைய கணினி இல்லை, செம்மஞ்சள் எழுத்துப் பெட்டி மட்டும் இருக்கிறது. வீடியோ உள்ளீடு உண்டு. வீசிவிடவா? (வாசகி, மானிப்பாய்)

வீசாதீர்கள். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி, 3 அல்லது 4, போதும். ஒலி வரும் 3.5 மில்லிமீற்றர் ஓட்டையிலேயே வீடியோவும் வருகிறது. 4இல் அதை அமைப்புக் கோப்பில் திறந்துவிட வேண்டும். நுனி இடது ஒலி, அடுத்தது வலது ஒலி, மூன்றாவது எர்த், அடி வளையம் வீடியோ. கடையில் வாங்கும் வயர்களில் இந்த ஒழுங்கு மாறியிருக்கலாம், மீற்றரால் பாருங்கள். அதே கோப்பில் பால் முறையைத் தெரிவுசெய்து, நிறச் சைகையையும் நிறுத்திவிடுங்கள்.

நான் தமிழையே ஓடவிட்டுப் பார்த்தேன். எழுத்து 16 புள்ளி உயரத்துக்கு வந்ததும் ணவும் னவும் பிரிந்து தெரிந்தன. ஞூவுக்கு 20 தேவைப்பட்டது.