பிராய்லருக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு எவ்வளவு?

வணக்கம்ங்க அண்ணா. பல்லடத்தில் 18 நாள் பிராய்லர் குஞ்சுகளுக்கு, 100 கிலோ தீவனத்தில் 20 கிலோ காங்கேயம் தேங்காய்ப் புண்ணாக்கு கலந்ததில் எடை ஏறவில்லை, எச்சம் பிசுபிசுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அளவுதான் அதிகம். அதில் புரதம் சுமார் 20 சதவீதம் இருந்தாலும் லைசின் (குஞ்சு வளரத் தேவையான, புரதத்தில் உள்ள ஒரு அமினோ அமிலம்) குறைவு, நார் அதிகம். தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். தீனிப்பை சீக்கிரம் நிறைந்து குஞ்சு தீனியைக் குறைத்துவிடும். இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். மூன்று வாரம் தாண்டியபின் 100 கிலோ தீவனத்துக்கு 5 கிலோ போதும், கூடவே சோயாப் புண்ணாக்கைக் குறைக்காதீர்கள்.

அப்புறம், ஒரு கட்டியை உடைத்து மோந்து பாருங்கள். காறல் வாடையோ உள்ளே பூஞ்சணமோ இருந்தால் ஒரு பிடிகூட வேண்டாம், மாட்டுக்கும் போடாதீர்கள். கொட்டகைத் தரையில் விரித்த தேங்காய் நார்த்தூள் எச்ச ஈரத்தில் கட்டி தட்டியிருந்தால் இன்றைக்கே கிளறிச் சுண்ணாம்பு தூவுங்கள்.