லோடு இறக்க ரெண்டு நாள் காத்திருந்தீங்கல்லங்ணா, அந்தக் கேட்டுக்கு உள்ள நடக்கறதத்தான் புள்ள படிக்கோணும்ங்கறா

சங்ககிரி அண்ணாவுக்கு வணக்கமுங்க. நேத்து போன்ல நீங்க கேட்டது மனசுலயே நிக்குதுங்க. "குடோன்ல மூட்டை எண்றதுக்கு எதுக்குங்க மூணு வருசம் காலேஜு, நான் இருவது வருசமா லாரி ஓட்டிப் பாக்காத குடோனா"ன்னீங்க. புள்ள ப்ளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்குது, சொந்தபந்தமெல்லாம் பி.காம் சேத்துங்க, சி.ஏ. எழுதட்டும்னு சொல்றாங்க, இவ ஒருத்தி மட்டும் பிபிஏ லாஜிஸ்டிக்ஸ்தான், அதாவது சரக்கு அனுப்பறது, குடோன் நடத்தறது பத்துன படிப்புதான்னு நிக்கறா, அப்பனுக்கு வெசனம் இருக்கத்தான் செய்யும். அவசரத்துல பேசி முடிச்சா சரிப்படாதுன்னுதான் உக்காந்து எழுதறனுங்க.

நீங்களே சொன்ன நாயத்துல இருந்து ஆரம்பிக்கறேன். வடக்க ஒரு குடோனுக்கு லோடு கொண்டுபோய் காலைல ஆறு மணிக்கு கேட்ல நின்னீங்க, செக்யூரிட்டி டோக்கன் குடுத்து ஓரங்கட்டச் சொன்னான், ரெண்டு நாள் காம்பவுண்ட் சொவத்தோரம் சோறாக்கி சாப்புட்டு, மூணாவது நாளு உள்ள விட்டா மூணு மணி நேரத்துல இறக்கியாச்சு, வண்டி காத்து நின்னதுக்கு ஹால்டிங் காசு கேட்டா அதுக்கும் இழுத்தடிச்சாங்க. அந்த ரெண்டு நாளு உள்ள என்ன நடந்திருக்கும்னு ரோசிச்சுப் பாருங்கண்ணா. ஆளுக சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க, ஓடிட்டேதான் இருந்திருப்பாங்க. உங்க சரக்க வெக்க எடமில்ல, ஏன்னா முந்தின சரக்கு இன்னும் வெளிய போகல, அது ஏன் போகலைன்னா எந்த மூலைல இருக்குதுன்னு தேடிட்டிருந்திருப்பாங்க. உங்க லாரில என்ன வருதுன்னு எல்.ஆர். காப்பிய, அதான் லாரி ரசீத, கைல வாங்கற வரைக்கும் உள்ள ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நல்ல சிஸ்டம் இருக்கற குடோன்ல வண்டி கெளம்பறப்பவே சரக்கு லிஸ்ட் இங்க வந்துரும், எந்த டாக்ல, அதான் ஏத்தி இறக்கற மேடைல, எத்தன மணிக்கு வண்டி நிக்கோணும், இறக்கறது எந்த ரேக்குக்குப் போகோணும்னு முன்கூட்டியே போட்டு வெச்சிருப்பாங்க. வேர்ஹவுஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமா டபிள்யூஎம்எஸ்ங்கறாங்களே, அதோட வேல இதுதானுங்க: எது, எங்க, எத்தன, எப்ப வந்துச்சு, எப்ப போகோணும். இந்த அஞ்சுக்கும் எந்நேரம் கேட்டாலும் பதில் வரோணும்.

புள்ளைகளுக்கு படிப்பு கவுன்சிலிங் சொல்ற இந்த வேலைக்கு வாரதுக்கு முன்னால நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஸ்டோர்ல இருந்தவன். லேபிள், ஜிப்பு, பட்டன், பாலிபேக்கெல்லாம் இருக்கற அக்சசரீஸ் ஸ்டோரு. ஒரு ஆர்டருக்கு வாஷ் கேர் லேபிள், அதான் துணிய எப்படித் தொவைக்கோணும்னு போட்ட லேபிள், ஒரு பெட்டி வந்துச்சு, நோட்டுல வரவு வெச்சேன், எடம்ங்கற தலைப்புக்குக் கீழ "ஜன்னல் பக்க ரேக்"னு எழுதிட்டேன். ஸ்டோர்ல மூணு ஜன்னலுங்க. பத்து நாள் கழிச்சு தையலுக்குக் கேக்கறாங்க, பெட்டியக் காணோம், கணக்குல இருக்குது கண்ணுல இல்ல. மறுபடி பிரிண்ட் பண்ணி வாங்கறதுக்குள்ள கப்பல் தேதி தப்பிப்போச்சு, தூத்துக்குடி போக வேண்டிய சரக்கு ஃப்ளைட்ல போச்சு, அந்த ஆர்டர்ல வந்த லாபமெல்லாம் ஏர் சரக்குக் கூலிக்கே கரைஞ்சுது. அப்பறம் பாலிபேக் கட்டுக்கு அடியில பெட்டி அப்படியே இருந்துச்சு, டேப்பு கூட பிரிக்காம. இன்னைக்கு நெனச்சாலும் வயித்தக் கலக்குமுங்க. ஒரே ஒரு வரி ஒழுங்கா எழுதியிருந்தா தீந்திருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பேருதான் பின் லொகேஷன். ஏ-03-2-05ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, ஏ-ங்கற சந்து, மூணாவது ரேக்கு, ரெண்டாவது தட்டு, அஞ்சாவது கட்டம். சரக்க வெக்கறவன் மொதல்ல கட்டத்து பார்கோடுல கையடக்க ஸ்கேனர வெச்சு 'பீப்', அப்பறம் பெட்டியோட பார்கோடுல இன்னொரு 'பீப்', முடிஞ்சுது. எடுக்க வாரவன் புதுசா வேலைக்கு வந்த பையனா இருந்தாலும் நேரா அங்க போய் நிப்பான். "அந்த அண்ணனுக்குத்தான் எடம் தெரியும், அவரு லீவு"ங்கற பேச்சே அங்க இல்ல.

துணி ஸ்டோர்ல இன்னும் எச்சா கவனம் வேணும். ஒரே செவப்பு கலரா இருந்தாலும் ரெண்டு தடவ டையிங்ல போட்டா ரெண்டு லாட்டு, ஷேடுல துளி வித்தியாசம் இருக்கும், குடோனுக்குள்ள டியூப்லைட்டுல பாத்தா தெரியாது. ஒரு லாட்டு ரோலுல ஒடம்பும் இன்னொரு லாட்டு ரோலுல கையும் வெட்டி தெச்சுட்டா வெயில்ல பாத்ததும் தெரிஞ்சு போகும், பையர் ரிஜெக்ட் பண்ணிருவான். அதனால ரோலுக்கு ரோல் லாட் நம்பரோட ஏத்தோணும், கலந்து எடுத்தா சிஸ்டமே நிறுத்தோணும். ஈரோட்டு மஞ்சள்னா விரலி தனி கிழங்கு தனி, எது மொதல்ல வந்துச்சுன்னு தேதி வேணும். நாமக்கல் முட்டைக்கு வந்த தேதிய விட கெடற தேதிதான் முக்கியம். சரக்குக்கு சரக்கு சட்டம் மாறும், அது புரிஞ்ச ஆளுதான் சிஸ்டத்துல சரியா செட்டிங் போட முடியும்.

இன்னொன்னு, நடை. குடோன்ல சரக்கு எடுக்கற ஆளோட நேரம் பெரும்பாலும் நடக்கறதுலயே போயிரும். தெனமும் போற சரக்கு கடைசி மூலைலயும் வருசத்துக்கு ரெண்டு தடவ போறது வாசல் பக்கத்துலயும் இருந்தா அதெப்படிங்க வேகம் வரும்? எது எத்தன தடவ வெளிய போகுதுன்னு சிஸ்டத்துல எடுத்து, ஏ பி சி-ன்னு மூணாப் பிரிச்சு, ஏ-வ டாக் பக்கத்துல, இடுப்பு ஒசரத் தட்டுல வெக்கோணும். புதுசா கட்டடம் கட்டாம, ஆளு எச்சாப் போடாமயே வேல வேகமாயிரும். எண்றதும் அப்படித்தான், மார்ச் கடைசில மூணு நாள் ஷட்டர மூடி மொத்தமா எண்றத விட்டுப்போட்டு தெனமும் கொஞ்சம் கட்டத்த எண்ணி சிஸ்டத்தோட ஒப்பிட்டுட்டே வந்தா தப்பு சூட்டோட மாட்டும்.

இந்த வேலைக்கு இப்ப ஏன் கிராக்கின்னு கேட்டா, கேரளா எல்லைல வாளையார் செக்போஸ்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, வரிசைல நின்ன நாளெல்லாம். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்ததோட அந்த வணிகவரி செக்போஸ்ட் எடுத்தாச்சு. அதுக்கு முன்னால மாநிலம் விட்டு மாநிலம் வித்தா போடற மத்திய விற்பனை வரிய மிச்சம் பண்ண கம்பெனிக மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வெச்சிருந்தாங்க, அப்பறம் அதையெல்லாம் சேத்து பெருசா நாலு எடத்துல போட ஆரம்பிச்சாங்க. சின்ன குடோன மனப்பாடத்துல ஓட்டலாம், பெருச ஓட்ட முடியாதுங்க. சரக்கு கொண்டுபோக ஆன்லைன்ல எடுக்கற ஈவே பில்லும் இதோட சேந்ததுதான், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, வண்டி நம்பர் ஏத்துனதுல இருந்து நேரம் ஓடும். உள்ள லோடு ஏத்தறதுக்கு முன்னாலயே அவசரப்பட்டு பில்லப் போட்டு வண்டிய ஒரு நாள் நிறுத்தி வெச்சா, வழியில காலாவதியாகி வண்டிய மறிக்கற வரி ஸ்குவாடுகிட்ட நிக்கறது உங்கள மாதிரி டிரைவருதான். உங்க புள்ள அந்த சீட்ல உக்காந்தா அந்தத் தப்ப பண்ண மாட்டா, அப்பன் பட்ட பாட்டப் பாத்து வளந்தவ.

இனி படிப்பு விசயம். பிபிஏ லாஜிஸ்டிக்ஸ் தாராளமா சேக்கலாமுங்க, ஆனா காலேஜ்ல கேக்க வேண்டியது ஒன்னுதான்: நேர்ல வேல பழகற அப்ரென்டிஸ்ஷிப் எத்தன மாசம், எந்த குடோன்ல, அங்க கைல ஸ்கேனர் குடுப்பாங்களா இல்ல ஆபீஸ்ல உக்காத்தி வெச்சு சர்டிபிகேட் குடுப்பாங்களா. லாஜிஸ்டிக்ஸ் செக்டார் ஸ்கில் கவுன்சிலோட சேந்து அப்ரென்டிஸ்ஷிப்ப படிப்புக்குள்ளயே வெச்சிருக்கற காலேஜ் இருக்குது, அத மொதல்ல பாருங்க. அது கெடைக்கலைன்னா பி.காம் சேத்துட்டு எக்செல்ல நல்லாப் பழகட்டும், விலுக்கப், பைவட் ரெண்டும் கண்ண மூடிட்டு போடத் தெரியோணும், கணக்கு எழுதற டேலி சாப்ட்வேர் தெரியோணும், அரசாங்கத்து நான் முதல்வன் திட்டத்துல வார கோர்ஸையும் பாக்கட்டும். மூணே மாசத்துல சாப்ட்வேர் சொல்லித்தந்து பெரிய கம்பெனில வேலன்னு லட்சக்கணக்குல கேக்கற எடத்துக்கு மட்டும் போகாதீங்க, கடன் வாங்கி கட்டிராதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். டபிள்யூஎம்எஸ் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொன்னு, அத வேலைல சேந்தா அவங்களே சொல்லித்தருவாங்க. ஸ்கேன் பண்ணாத பெட்டிய எந்த சாப்ட்வேரும் கண்டுபிடிக்காது, அதனால தரையில நின்னு பழகுன ஆளுக்குத்தான் மதிப்பு.

மொத ரெண்டு வருசம் சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், நின்னுட்டே வேல, கோடைல தகர ஷீட்டுக்கு அடியில வேகும், இத மறைச்சு சொல்ல மாட்டேன். பொம்பளப் புள்ளைங்கறதால நைட் ஷிப்ட் உண்டா, கம்பெனி பஸ் ஊர் வரைக்கும் வருமா, பாத்ரூம் எப்படின்னு நேர்ல போய் பாத்துட்டு சேருங்க. ரோபோ வந்தா வேல போயிருமான்னு கேட்டீங்க. பெரிய ஆன்லைன் கம்பெனி குடோன்ல ரோபோ ரேக்கையே தூக்கிட்டு ஆளு பக்கத்துல வருது, நெசந்தான், ஆனா எந்த ரேக்குல எது இருக்கோணும்னு முடிவு பண்ற வேல அங்கயும் மனுசனுதுதான்.

சேக்கறதுக்கு முன்னால ஒரு காரியம் பண்ணுங்கண்ணா. அடுத்த தடவ பக்கத்துல, ஈரோடோ பெருந்துறையோ, பகல் லோடு வந்தா புள்ளையவும் ஏத்திட்டுப் போங்க. கைல ஒரு நோட்டு குடுங்க. வண்டி கேட்டுக்கு வந்த நேரம், உள்ள விட்ட நேரம், இறக்க ஆரம்பிச்சது, முடிச்சது, சரக்கு சேந்துச்சுங்கற சீட்டுல, அதான் பிஓடில, கையெழுத்து வாங்கி வெளிய வந்தது, அஞ்சையும் குறிச்சுட்டு, எங்க நேரம் வீணாச்சு, ஏன்னு அவளுக்குத் தோணறத ரெண்டு வரி எழுதட்டும். அவ அத ஆசையா பண்றாளா இல்ல கேபின்ல உக்காந்து போன் பாக்கறாளான்னு நீங்களே பாத்துக்குங்க. நோட்ட எடுத்துட்டு வியாழக்கிழமை பொழுதோட ரெண்டு பேரும் வாங்க, அத வெச்சே காலேஜ் லிஸ்ட் போடலாமுங்க.