சென்னைப் பதிவு கார், காட்பாடியில் விலைக்கு: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2018 மாடல் பெட்ரோல் கார், சென்னைப் பதிவு, 62,000 கிலோமீட்டர் ஓடியது. ஓனர் கையெழுத்துப் போட்ட படிவங்கள் கைவசம் இருக்கின்றன, பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்றே அட்வான்ஸ் போடுங்கள் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?"

கார் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஓனரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். வண்டி கைமாறிய பிறகு நடந்த விபத்துக்கும் ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் படிவத்தோடு இரண்டு மூன்று கை மாறிய வண்டியில் ஓனரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் பெயரை எழுதி, உங்கள் கண்முன்னே அவர் கையெழுத்திடட்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுக் கடன், இன்சூரன்ஸ், அபராத பாக்கி மூன்றையும் பாருங்கள். கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்சியில் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே பேச்சு.

சென்னை வண்டி என்பதால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. வாட்டர் வாஷும் பாலிஷும் மேல்தோற்றத்தை மாற்றிவிடும். அதனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மூழ்கிய வண்டி என்றால் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் மண் நிறத்தில் கோடு விழுந்திருக்கும். மிதியடிக்குக் கீழே உள்ள கார்பெட்டைத் தூக்கிக் கையால் தடவுங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளும் ஸ்டெப்னி வைக்கும் குழியும் துருப்பிடித்திருந்தால் அந்தக் கார் வேண்டாம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். தண்ணீர் புகுந்த ஒயரிங் எப்போது மக்கர் பண்ணும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்த்தால் போதாது. கம்பெனி சர்வீஸ் பில்களில் தேதிவாரியாக எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2218 என்றால் 2018-ன் 22-வது வாரத்தில் தயாரானது. பழைய டயராக இருந்தால் மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் காலையில் ஒருமுறை போங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிய எஞ்சின், ஸ்டார்ட்டிங் கோளாறைக் காட்டாது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அப்புறம் மதியம் இன்னொருமுறை, ஏசியைப் போட்டு ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். வேலூர் வெயிலில் ரேடியேட்டர் தாங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கையே அழைத்துப் போங்கள், புரோக்கர் காட்டும் ஆளை அல்ல.

வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பணத்தை ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம் இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் வாங்குங்கள். அதற்கு முந்தைய அபராதம் எது வந்தாலும் ஓனரிடமே கேட்கலாம்.